பல்லைப் பிடித்துப் பார்ப்பது

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்குகிற மாட்டை அவசியம் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்ற உபதேசமும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. காவேரிப் பாசனத்து ஊர்களில் மாட்டின் வாயைத் திறந்து, "இரண்டு பல்", "நாலு பல்", "ஆறு பல்" என்று வயதை எண்ணிச் சொல்லக் கூடியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் இந்தப் பெரிய மனிதர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டுக் குழந்தையின் வாயை ஒரு நாளாவது திறக்கச் சொல்லிப் பார்த்திருப்பார்கள் என்று கேட்டால், பதில் சொல்வது கொஞ்சம் கஷ்டந்தான்.

ஆனாலும் காலம் மாறித்தான் வருகிறது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை எங்கே போனாலும் கடைத் தெருவில் பல் வைத்தியரின் பெயர்ப் பலகை கண்ணில் படுகிறது. பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்களில் சகஜமாகப் பார்க்கலாம். "கிளிப் போட்ட பெண்" என்று முன்பெல்லாம் கேலி செய்தவர்கள், இப்போது தங்களுக்கும் போடச் சொல்லி வீட்டில் சத்தியாக்கிரகம் செய்கிறார்கள்.

இந்தப் பல் சீரமைப்பிலே சமீப காலத்தில் ஒரு புதுமை வந்திருக்கிறது. பல்லைப் பிடிக்காமலே, ஐம்பது மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, செல்போன் அனுப்பும் படத்தைக் கொண்டு வைத்தியர் பல்லைப் பார்க்கலாம் என்பதுதான் அது. பட்டணத்துப் பணக்காரர் வீட்டு விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம் என்று நேயர்களைக் கேட்டுக் கொள்கிறேன். பட்டணத்தைவிட நமது கடைமடைக் கிராமங்களுக்குத்தான் இது அதிகம் தேவை என்பது என் அபிப்பிராயம். அதே சமயத்தில், கண்ணை மூடிக்கொண்டு ஏற்கத்தக்க விஷயமும் அல்ல. இரண்டையும் சொல்கிறேன்.

தூரம் செய்த கெடுதல்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் படித்து வந்தாள். கல்லணைக் கால்வாயின் கடைசிப் பாசனத்து ஊர்களில் ஒன்று அவளுடைய ஊர். நன்றாகப் படிப்பாள், ஆனால் பதில் சொல்ல எழுந்தால் இடது கை தானாகவே வாயை மறைத்துக் கொள்ளும். மேல் வரிசைப் பல் இரண்டு முன்னே தள்ளியிருந்ததுதான் காரணம். தகப்பனார் சொற்ப நிலத்தில் குத்தகைக்கு விவசாயம் செய்கிறவர். எப்படியோ பணம் சேர்த்துத் தஞ்சாவூரில் ஒரு வைத்தியரிடம் அழைத்துச் சென்று கம்பி போட வைத்தார். மாதம் ஒரு முறை வர வேண்டும் என்று வைத்தியர் சொல்லி அனுப்பினார்.

நாலு மாதம் ஒழுங்காகப் போய் வந்தார்கள். ஐந்தாவது மாதம் சம்பா நடவு. ஆறாவது மாதம் அடைமழை. ஏழாவது மாதம் பரீட்சை. ஒரு நாள் தகப்பனாரிடம் விசாரித்தேன். "டாக்டர் பத்து நிமிஷந்தான் பார்க்கிறாரு, ஸார். அதுக்கு நமக்கு முழு நாளும் போயிடுது. ரெண்டு பஸ் மாறணும். நடவு நேரத்துல எப்படி ஸார் போறது?" என்றார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

இதற்குள் பல்லில் ஒட்டியிருந்த சிறு உலோகத் துண்டு ஒன்று பெயர்ந்து, கம்பியின் முனை கன்னத்துக்குள் குத்த ஆரம்பித்தது. இரண்டு நாள் அந்தப் பெண் கஞ்சி மட்டும் குடித்தாள். மூன்றாம் நாள் அவளுடைய சித்தப்பா கட்டிங் பிளேயரால் கம்பியை நறுக்கி எறிந்துவிட்டார். கடைசியில் வைத்தியரிடம் போனபோது, கம்பி ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றிப் பல்லில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுக்கள். பல் துலக்குவதைக் கவனிப்பார் இல்லாமல் போனதால், எனாமல் கரையத் தொடங்கிவிட்டது. மிச்சக் கம்பியையும் கழற்றும்படி ஆயிற்று. பணம் போயிற்று, பல்லும் பழைய இடத்தை நோக்கித் திரும்பிற்று.

வைத்தியர் மேல் குற்றம் இல்லை. தகப்பனார் மேலும் இல்லை. இருவருக்கும் நடுவில் இருந்த தூரம் செய்த கெடுதல் இது. கம்பி போடுவது ஒரு நாள் வேலை. அதைப் பதினெட்டு மாதம், இரண்டு வருஷம் கண்காணிப்பதுதான் உண்மையான சிகிச்சை. அந்தக் கண்காணிப்பு அறுந்தால், சிகிச்சை நின்று போவதோடு விஷயம் முடிவதில்லை. முன்னைவிட மோசமான நிலையில் கொண்டு விட்டுவிடும்.

மாதா மாதம் எதற்கு?

பல்லானது சுவரில் அடித்த ஆணியைப்போல் தாடை எலும்பில் அசையாமல் பதிந்திருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படி அல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்த் திசு ஒன்று இருக்கிறது. கம்பியானது பல்லை ஒரு பக்கம் மெதுவாகத் தள்ளும்போது, தள்ளப்படும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. விலகி வந்த பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. ஆறு ஒரு கரையை அரித்து மறு கரையில் வண்டல் இட்டுக்கொண்டே இடம் மாறுவதைக் கண்டிருக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். பல்லும் அப்படித்தான் எலும்புக்குள் நகர்கிறது. வேகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அவசரப்பட்டுப் பலமாகத் தள்ளினால் வேருக்கே சேதம் வரும்.

ஆகையால் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை வைத்தியர் பார்த்து, கம்பியை மாற்றி, அடுத்த தள்ளலுக்கு ஏற்பாடு செய்கிறார். கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடிபோல் தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் உறைகளைப் போட்டுக்கொள்வதும் இப்போது உண்டு. அதற்கு அலைனர் என்று பெயர். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் படித்த ஜியா சிஷ்டி, கெல்சி வர்த் இருவரும் 1997-ம் வருஷத்தில் ஆரம்பித்த அலைன் கம்பெனி இதைப் பிரபலமாக்கியது. ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒன்றாக, வரிசையாகப் பல உறைகள் தருவார்கள். நாளுக்கு இருபது மணி நேரத்துக்குக் குறையாமல் அணிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் பல்லை ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு அளவுக்கே நகர்த்தும். முந்தைய உறை தன் வேலையை முடித்ததா என்று பாராமல் அடுத்ததை மாட்டினால், உறை ஒரு பக்கமும் பல் ஒரு பக்கமுமாகப் போய்விடும்.

இப்படி மாதா மாதம் நடக்கும் வருகைகளில் எல்லாமே கைவேலைக்கானவை அல்ல. சில தடவை வைத்தியர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, "சரியாகத்தான் போகிறது; அடுத்த மாதம் வா" என்று சொல்வதோடு சரி. இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் ஒரு நாள் கூலியும் ஒரு நாள் படிப்பும் இரண்டு பஸ் பிரயாணமும் செலவாகின்றன. படம் பார்த்துச் சொல்லலாமே என்ற யோசனை பிறந்தது இதிலிருந்துதான்.

செல்போன் செய்யும் காரியம்

2014-ம் வருஷத்தில் பாரிஸ் நகரத்தில் பிலிப் சலா என்பவர் டென்டல் மானிட்டரிங் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். அதன் முறை இதுதான்: முதலில் வைத்தியர் நோயாளியின் பல் வரிசையை யந்திரத்தின் உதவியால் முப்பரிமாண உருவமாக எடுத்து வைத்துக்கொள்கிறார். பிறகு நோயாளி வாரம் ஒரு முறை, கன்னத்தை விலக்கும் பிளாஸ்டிக் வளையத்தை வாயில் மாட்டி, செல்போனை ஒரு சிறு பெட்டியில் பொருத்தி, வீட்டிலிருந்தபடியே பல்லைப் படம் பிடித்து அனுப்புகிறார். கம்ப்யூட்டர் அந்தப் படத்தை ஆதி உருவத்தோடு ஒப்பிடுகிறது. உறை பல்லோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா, ஒட்டிய துண்டு ஏதாவது பெயர்ந்திருக்கிறதா, ஈறு சிவந்து வீங்கியிருக்கிறதா, பல் சரியாகத் துலக்கப்படுகிறதா என்றெல்லாம் பார்த்து வைத்தியருக்குக் குறிப்பு அனுப்புகிறது. இவ்வித ஏற்பாட்டுக்கு 2024-ம் வருஷத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். 2021-ம் வருஷத்தில் அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர் சங்கத்தின் சஞ்சிகையில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அலைனர் போட்டவர்களில் இந்தக் கண்காணிப்பு உள்ளவர்கள், இல்லாதவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான தடவையே வைத்தியரிடம் நேரில் போக வேண்டியிருந்தது என்று அதில் கண்டார்கள். சிகிச்சையின் மொத்தக் காலம் மட்டும் குறையவில்லை. அது குறைய நியாயமும் இல்லை. எலும்பு கரைவதும் வளர்வதும் அதனதன் வேகத்தில்தான் நடக்கும். செல்போனுக்குப் பயந்து அது விரைந்து வளருமா?

ஆகவே "சீக்கிரம் முடிந்துவிடும்" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். பிரயாணம் குறையும் என்று சொன்னால் நம்பலாம். பட்டணத்தில் வசிப்பவருக்கு ஒரு பிரயாணம் குறைவது ஒரு மணி நேர லாபம். பேராவூரணிக்கும் சேதுபாவாசத்திரத்துக்கும் அப்பால் இருப்பவருக்கு அது ஒரு முழு நாள் லாபம். இதனால்தான் கடைமடைக்காரருக்கு இது அதிகம் தேவை என்று சொன்னேன்.

இன்னொரு லாபம் இதைவிடப் பெரிது. பெயர்ந்த துண்டை அடுத்த வருகை வரையில் காத்திராமல் அந்த வாரமே கண்டுபிடித்துவிடலாம். ஈறு வீங்குவதையும் பல் அழுக்கேறுவதையும் முதல் மாதத்திலேயே கண்டித்துச் சொல்லலாம். மேலே நான் சொன்ன பெண்ணின் பல்லில் படிந்த வெள்ளைத் திட்டு ஒரே நாளில் வந்ததல்ல. வாரம் ஒரு படம் யார் கண்ணிலாவது பட்டிருந்தால், வெகு முன்னாலேயே எச்சரித்திருப்பார்கள்.

நம் தேசத்தில் இதற்குச் சட்டரீதியான பாதை திறந்த தேதி நினைவில் வைக்கத் தக்கது. 2020-ம் வருஷம் மார்ச்சு 25-ந் தேதி தேச முழுவதும் ஊரடங்கு தொடங்கிற்று. அதே தேதியில்தான் மத்திய சர்க்காரின் தொலைமருத்துவ வழிகாட்டி விதிகளும் வெளியாயின. கம்பி போட்டிருந்தவர்கள் வீட்டுக்குள் அடைபட்டபோது, வாட்ஸப்பில் படம் அனுப்பி வைத்தியரை யோசனை கேட்பது உலகமெங்கும் வழக்கத்துக்கு வந்தது. மேற்படி விதிகளிலே ஒரு வாசகம் முக்கியமானது. கம்ப்யூட்டர் அறிவு வைத்தியருக்கு உதவியாக இருக்கலாமே தவிர, தானே நோயாளிக்கு யோசனை சொல்லவோ மருந்து எழுதித் தரவோ கூடாது. கடைசி வார்த்தை பதிவு பெற்ற வைத்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் சாராம்சம். பல் வைத்தியத்துக்கும் இதையே தர்மமாகக் கொள்ளலாம்.

மேட்டூர் மட்டமும் கடைமடைத் தண்ணீரும்

தூரத்திலிருந்து கண்காணிப்பது நமக்குப் புதிதல்ல. 1934-ம் வருஷத்தில் மேட்டூர் அணை கட்டி முடிந்தது முதல் டெல்டாவாசிகள் அதைத்தானே செய்து வருகிறோம்? பத்திரிகையைப் பிரித்தால் உலகச் சமாசாரம் இருக்கட்டும், மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்றுதான் முதலில் பார்க்கிறோம். முழு மட்டம் 120 அடி. அதற்கு எத்தனை குறைவு, எத்தனை கன அடி வரத்து, ஜூன் 12-ந் தேதி திறப்பார்களா, குறுவை போடலாமா என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே கணக்குப் போடுகிறோம்.

ஆனால் கடைமடைக்காரரிடம் போய், "மேட்டூரில் தண்ணீர் நிறைய இருக்கிறதாமே!" என்று சொல்லிப் பாருங்கள். அவர் சிரிப்பார். மேட்டூரில் மட்டம் உயர்ந்தது சரி. கல்லணையில் புது ஆற்றுக்குத் திறந்துவிட வேண்டும். கால்வாயில் உடைப்பு இல்லாதிருக்க வேண்டும். வாய்க்கால் தூர் எடுத்திருக்க வேண்டும். மதகை ஒருவர் தூக்கிவிட வேண்டும். இத்தனையும் நடந்தால்தான் அவருடைய வயலில் தண்ணீர். அளவு தெரிவது வேறு; தண்ணீர் வந்து சேர்வது வேறு. அளவு தெரியாவிட்டால் கண்ணைக் கட்டி விட்டாற்போல். அளவு மட்டுமே தெரிந்தால் ஏக்கந்தான் மிச்சம்.

பல்லின் படமும் மேட்டூர் மட்டத்தைப் போன்றதுதான். கம்பி பெயர்ந்திருக்கிறது என்று படம் சொல்லும். அதைத் திரும்ப ஒட்ட ஒரு கை வேண்டும். படத்துக்கு எட்டாத விஷயங்களும் உண்டு. வேர் எப்படி இருக்கிறதென்று தெரியாது. அதற்கு எக்ஸ்ரே வேண்டும். பல் எவ்வளவு ஆடுகிறதென்று தெரியாது. அதற்கு விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு பல்லுக்கு இடையே ஒளிந்திருக்கும் சொத்தையும் சில சமயம் தப்பிவிடும். பார்வை தூரத்தில் இருக்கலாம். பொறுப்பு தூரத்தில் இருக்கக் கூடாது.

பொறுப்பு இல்லாத பார்வைக்கு என்ன கதி நேரும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய திருஷ்டாந்தம் இருக்கிறது. 2014-ம் வருஷத்தில் தொடங்கி, நாஷ்வில் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்த ஸ்மைல்டைரக்ட்கிளப் என்ற கம்பெனி, வைத்தியரிடம் நேரில் போகும் தொல்லையே வேண்டாம் என்று விளம்பரம் செய்தது. வீட்டிலேயே பல்லை அச்செடுத்து அனுப்பினால், அலைனர்கள் தபாலில் வந்து சேரும். செலவும் குறைவு. 2019-ல் கம்பெனியின் பங்குகள் பங்குச் சந்தைக்கு வந்தன. 2023-ம் வருஷம் செப்டம்பரில் கம்பெனி திவால் மனுப் போட்டது. டிசம்பரில் கதவைச் சாத்திவிட்டது. சிகிச்சை நடுவில் நின்றவர்களுக்கு, இனி உங்கள் வைத்தியரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. தவணை கட்டி வந்தவர்கள் மட்டும் தொடர்ந்து கட்ட வேண்டும் என்றும் அறிவித்தார்கள்! பல் பாதி வழியில், பணம் முழு வழியில்.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல வழி

இதற்கு நேர்மாறான உதாரணத்துக்கு நாம் கடல் கடக்க வேண்டாம். மதுரை வரையில் போனால் போதும். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ம் வருஷத்தில் பதினொரு படுக்கைகளுடன் ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை அறியாத தமிழர் யார்? இந்த நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் அவர்கள் சிற்றூர்களில் விஷன் சென்டர் என்னும் சிறு நிலையங்களை ஏற்படுத்தினார்கள். அங்கே பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி கருவியைக் கொண்டு கண்ணைப் பரிசோதித்துப் படம் அனுப்புகிறாள். ஆஸ்பத்திரியில் இருக்கும் வைத்தியர் அதைப் பார்த்து, நோயாளியோடு நேருக்கு நேர் பேசுவது போலவே திரையில் பேசி முடிவு சொல்கிறார். தேனிப் பக்கத்தில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி விஞ்ஞானிகள் கம்பியில்லா இணைப்புக்கு உதவினார்கள்.

இந்த ஏற்பாட்டின் வெற்றி ரகசியம் யந்திரத்தில் இல்லை. கிராமத்து முனையில் பழகிய கை ஒன்று இருக்கிறது. மறு முனையில் பெயர் தெரிந்த வைத்தியர் இருக்கிறார். "ஆஸ்பத்திரிக்கு வா" என்று சொன்னால், போய்ச் சேர ஓர் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. தலைப்பிலிருந்து கடைமடை வரையில் வாய்க்கால் அறாமல் இருக்கிறது என்று சொல்லலாம்.

பல் வைத்தியத்துக்கும் அவ்விதமான வாய்க்கால் வெட்ட முடியுமா? காலம் அனுகூலமாகவே இருக்கிறது. 1920-ம் வருஷத்தில் டாக்டர் ரபியுத்தீன் அகமத் இந்தியாவின் முதல் பல் வைத்தியக் கலாசாலையைக் கல்கத்தாவில் தொடங்கினார். அதற்கான பணத்தை அவர் எப்படிச் சேர்த்தார் தெரியுமா? ஐஸ்கிரீம் கடை நடத்தி! பல்லுக்குப் பகை என்று நாம் குழந்தைகளுக்குத் தடை செய்யும் தின்பண்டமே பல் வைத்தியத்துக்குப் பால் வார்த்தது. தமிழ் நாட்டில் சர்க்கார் பல் வைத்தியக் கலாசாலை சென்னையில் 1953-ல் ஏற்பட்டது. 1980-ல் சிதம்பரம் அண்ணாமலை சர்வகலாசாலையில் ஒன்று தொடங்கிற்று; இப்போது அதுவும் சர்க்கார் வசமாகிவிட்டது. 2023-ம் வருஷம் நவம்பரில் புதுக்கோட்டையில் ஒன்று திறக்கப்பட்டது. கலாசாலைகள் மெல்ல மெல்ல நம் பக்கம் நகர்ந்து வந்திருக்கின்றன. காவேரி கடலில் கலக்கும் பக்கத்தாருக்குச் சிதம்பரம் அருகில்; பேராவூரணிக்காரருக்குப் புதுக்கோட்டை அண்டை வீடு.

இதிலே அழகு மட்டும் சம்பந்தப்பட்டிருப்பதாகவும் நினைக்க வேண்டாம். உதடும் அண்ணமும் பிளந்து பிறக்கும் குழந்தைகளுக்கு, சத்திர சிகிச்சையோடு பல் சீரமைப்பும் பல வருஷம் தேவைப்படுகிறது. பேச்சுத் தெளிவதும் உணவை மென்று தின்பதும் அதைப் பொறுத்தவை. 2013-ம் வருஷத்திலிருந்து நடந்து வரும் ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில், பள்ளிக்கூடங்களுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும் வைத்தியக் குழுவினர் இந்தப் பிளவையும் பல் நோயையும் கவனிக்க வேண்டியவற்றில் சேர்த்திருக்கிறார்கள். முதலில் கண்டுபிடிக்க ஏற்பாடு இருக்கிறது. பிறகு பல வருஷம் பின்தொடர்ந்து பார்ப்பதுதான் சிரமம். அப்பேர்ப்பட்ட குழந்தை ஒவ்வொரு தடவையும் தூர தேசத்து ஆஸ்பத்திரிக்கு அலையாமல், ஊர்ச் சுகாதார நிலையத்திலேயே ஒரு நர்ஸம்மா படம் எடுத்து அனுப்பினால் எவ்வளவு உபகாரம்!

வீட்டாருக்குச் சில வார்த்தைகள்

சர்க்கார் செய்யும்போது செய்யட்டும். பிள்ளைக்குக் கம்பி போட எண்ணியிருக்கும் பெற்றோர், பணம் கட்டுவதற்கு முன்னால் வைத்தியரிடம் கூச்சமின்றிச் சில கேள்விகள் கேட்க வேண்டும். நடுவில் படம் அனுப்பினால் பார்ப்பீர்களா? பார்ப்பது நீங்களா, கம்ப்யூட்டர் மாத்திரமா? எத்தனை நாளுக்குள் பதில் வரும்? கம்பி பெயர்ந்தால் எங்கள் ஊருக்கு அருகில் ஒட்டித் தர யாராவது உண்டா? இதற்குத் தனிக் கட்டணமா? நீங்கள் ஊர் மாறினாலோ கம்பெனி மூடப்பட்டாலோ, என் பிள்ளையின் படங்களும் குறிப்புகளும் என் கைக்கு வருமா? இந்தக் கேள்விகளுக்கு மலர்ந்த முகத்தோடு பதில் சொல்லும் வைத்தியரிடம் தைரியமாக ஒப்படைக்கலாம்.

குழந்தையின் முகமும் வாயும் அடங்கிய படம் எங்கே போய்த் தங்குகிறது என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. 2023-ம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சம்மதம் என்பது படிக்காமல் விரலால் தட்டிவிடும் காரியம் அல்ல.

விலையுயர்ந்த பெட்டியும் வளையமும் இல்லாமலே படம் எடுக்கலாம். பல்லைத் துலக்கிவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார வைத்து, செல்போனின் கண்ணைத் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான இரண்டு கரண்டிக் காம்புகளால் கன்னத்தை இருபுறமும் மெதுவாக விலக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பல்லைக் கடித்தபடி நேராக ஒன்று, வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று; வாயைத் திறந்து மேல் வரிசை ஒன்று, கீழ் வரிசை ஒன்று. ஆக ஐந்து படம். வாரா வாரம் ஒரே கிழமையில், ஒரே இடத்தில் எடுத்தால் மாறுதல் நன்கு தெரியும். கம்பி முனை குத்தினால், வைத்தியர் கொடுத்திருக்கும் மெழுகைக் கிள்ளி அதன் மேல் வைத்து மூடிவிட்டு, உடனே படம் அனுப்பி யோசனை கேளுங்கள். கட்டிங் பிளேயர் மோட்டார் ஷெட்டிலேயே இருக்கட்டும்.

படம் அனுப்புகிறோமே என்று நேரில் போவதை அடியோடு நிறுத்திவிடவும் கூடாது. வைத்தியர் "வா" என்று சொன்ன நாளில் நடவானாலும் மழையானாலும் போய்த்தான் ஆக வேண்டும். பத்துப் பிரயாணத்தில் மூன்று நாலு மிச்சமாவது, மீதியை ஒழுங்காகச் செய்து முடிப்பதற்காகத்தான். கம்பி கழற்றிய பிறகு தரும் ரிடெய்னர் என்னும் காப்பு உறைக்கும் இதே கண்காணிப்பு வேண்டும். அதைக் கழற்றித் தலையணைக்கு அடியில் மறந்துவிட்டால், பல்லானது வந்த வழியே திரும்பிப் போகச் சிறிதும் தயங்காது.

கடைசியாக, என் சக உபாத்தியாயர்களுக்கு ஒரு விண்ணப்பம். பள்ளிக்கூடத்தில் நல்ல வெளிச்சமுள்ள ஜன்னல் ஒன்று நிச்சயம் இருக்கும். செல்போன் இல்லாத ஆசிரியர் இல்லை. பெற்றோர் சம்மதத்தோடு, கம்பி போட்ட பிள்ளைகளின் படத்தை வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐந்து நிமிஷத்தில் எடுத்து அவரவர் வைத்தியருக்கு அனுப்பிவிடலாம். வீட்டில் செல்போன் இல்லாத குழந்தைக்கும், தகப்பனார் வயலில் இருக்கும் குழந்தைக்கும் இது பெரிய ஒத்தாசை. வகுப்பில் பல்லைக் காட்டாதே என்று எத்தனையோ தடவை பிள்ளைகளை அதட்டியிருக்கிறோம். வாரத்தில் ஒரு நாளாவது, "எங்கே, பல்லைக் காட்டு, பார்க்கலாம்!" என்று நாமே சொல்லுவோமே!